பதில் சொல்லும் பகுதி

"அந்தப் பகுதியை எழுதிய இன்ஜினியர் இப்போது எங்களோடு இல்லை" என்று சானு ஆங்கிலத்தில் சொன்னபோது, ஜோஸ்னா அவனுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மேசை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனைப் பார்த்து அவன் அதைச் சொன்னான். சொல்லி முடித்த பிறகும் அவன் கண் அதிலிருந்து எழும்பவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த குரல் சற்று நேரம் வெறும் இரைச்சலாக இருந்தது. பிறகு, "நீங்களே நீக்கினீர்களா?" என்று கேட்டது. சானு எம்.டி. கனகதாஸைப் பார்த்தான். கனகதாஸ் தலையசைத்தார். "ஆமாம், நாங்களே நீக்கிவிட்டோம்" என்றான் சானு.

கனகதாஸ் பிஸ்கட் தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஒன்றை எடுத்துவிட்டாள். கடித்தால் சத்தம் கேட்கும். கம்பெனியிலேயே இல்லாத ஒருத்தி பிஸ்கட் கடிக்கிற சத்தம் ஜெர்மனி வரைக்கும் போகும். பேச்சு முடியும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். விரல் வியர்வையில் அது ஊறி, ஓரம் உதிர்ந்து துப்பட்டாவில் விழுந்தது.

போனை வைத்ததும் கனகதாஸ் எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்தார். நெய்யாற்றின்கரைக்காரர். ஆபீசில் மலையாளமும் ஆங்கிலமும் பேசுவார். பாறசாலைக்காரர்களான இவர்கள் இருவரிடம் மட்டும் தமிழ்.

"ஜோஸ்னா, இத மனசுல வைக்கப்பிடாது. அவனுக்கு ஒரு ஆளக் காட்டணும், அவ்வளவுதான். நீ கொஞ்ச நாளு வீட்டில இரி. ஜெர்மனி ஆளுவ இஞ்ச விசிட் வருவினும். அது கழியட்டு, பின்ன பாப்போம்."

அவள் சானுவைப் பார்த்தாள். அவன் போன் ஒயரை ஒரு முறுக்கும் இல்லாமல் நேராக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. இன்ஜினியரிங் காலேஜில் ஒரே வகுப்பு. இரண்டு குடும்பமும் பழைய மிஷன் சபைக் குடும்பங்கள். பெருங்கடவிளையில் அவளுடைய அப்பா ஈசாக்குக்கு இந்தச் சம்பந்தத்தில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. காலேஜில் அவனை "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள். கல்யாணமான முதல் வாரம் மாமியார் சரோஜம், "மோளே, நாலு பேரு கேக்க அவன நீண்ணு விளிக்கப்பிடாது, கேட்டியா" என்று சொன்னதிலிருந்து "நீங்க" ஆயிற்று. ஆரம்பத்தில் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை மறந்துபோனார்கள். காலையில் பாறசாலையில் பாசஞ்சர் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் கழக்கூட்டம் டெக்னோபார்க். அவன் டீம் லீடர். அவள் அவனுக்குக் கீழே. ரயிலில் புருஷன் பெண்டாட்டி, பஸ்ஸில் ஏறியதும் லீடரும் இன்ஜினியரும். இறங்கும்போது மறுபடி மாறிக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரமாம் வருடம் பிறக்கும்போது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனியில் பாதிப் பேர் பழைய அமெரிக்க புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம் கூட்டுகிற வேலையில் இருந்தார்கள். ஜோஸ்னாவுக்கு அந்த வேலை வாய்க்காதது அவளுக்குப் பெரிய சந்தோஷம். ஜெர்மனியில் ஒரு கம்பெனி புதிதாக ஒரு சிப் செய்திருந்தது. புரோகிராம் ஓடும்போது தனக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை எண்ணிக்கொண்டே இருக்கிற சில கவுண்டர்கள் அந்தச் சிப்புக்குள் இருந்தன. எத்தனை கட்டளை முடிந்தது, கையெட்டும் இடத்தில் தகவல் இல்லாமல் தூரத்து நினைவகம்வரை எத்தனை முறை போகவேண்டி வந்தது, இப்படி. எந்த இடத்தில் புரோகிராம் தளர்ந்து தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் ஒவ்வொரு புரோகிராமரும் சிப்புக்குள் நேரே கைவிட்டுத் துழாவ முடியாது. நடுவில் நின்று சிப்பிடம் கேட்டுச் சொல்ல, லைப்ரரி என்கிற ஒரு புரோகிராம் தொகுப்பு வேண்டும். அந்த லைப்ரரியைத்தான் சானுவின் டீம் எழுதியது.

அதில் ஜோஸ்னாவின் பகுதி எதையும் எண்ணாது. கேட்டால் பதில் சொல்லும். இன்ன நிகழ்வை இந்தச் சிப்பால் எண்ண முடியுமா? உண்டு அல்லது இல்லை. உண்டென்றால் அதன் பெயர் என்ன, எந்தக் கவுண்டரில் எண்ணும், எதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும், எதை விட்டுவிடும், நேரடியாக எண்ணுகிறதா இரண்டைக் கூட்டிச் சொல்கிறதா? டீமில் மற்றவர்கள் இதைச் சில்லறை வேலை என்று நினைத்தார்கள். அட்டவணையைப் பார்த்து எழுதுவதுதானே. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிறவன் சிப்பைப் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. நாம் சொல்வதை நம்பித்தான் அவன் அடுத்த அடி எடுத்துவைப்பான். அதனால் சிப்போடு வந்த மேனுவலைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், ஒவ்வொரு நிகழ்வுக்கும் சின்னதாக ஒரு சோதனைப் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்தாள். யாரும் கேட்காத வேலை. அது முடிகிற நாட்களில் ரயிலில் அவள் முகமே வேறாக இருக்கும் என்று சானு சொல்வதுண்டு.

அப்படித்தான் அது அகப்பட்டது. தகவல் பக்கத்தில் கிடைக்காமல் போவதை எண்ணும் கவுண்டர், புரோகிராம் நினைவகத்தைப் படிக்கும்போதும், அதில் எழுதும்போதும் எண்ணும் என்று மேனுவலில் இருந்தது. ஜோஸ்னாவின் சோதனையில், படிக்கும்போது சரியாக எண்ணியது. எழுதும்போது அசையவே இல்லை. புரோகிராமில் பிழையோ என்று அவள் வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள். அதே சிப் பொருத்திய வேறு போர்டில் ஓட்டிப் பார்த்தாள். எழுதும்போது கவுண்டர் செத்ததுபோல் கிடந்தது. மேனுவலில் சொன்ன நிகழ்வு அந்தச் சிப்பில் இல்லை. எனவே, அதைக் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும்படி எழுதிவைத்தாள்.

அந்த "இல்லை" சானுவைத் தொந்தரவு செய்தது. ஒப்பந்தத்தில் சொன்ன நிகழ்வுகள் எல்லாவற்றுக்கும் "உண்டு" வந்தாக வேண்டும். ஜெர்மனிக்காரனிடம் கேட்டுப் பார்த்தான். மேனுவல் சரிதான், உங்கள் சோதனை தப்பு என்று பதில் வந்தது. அவர்களுக்கு அக்டோபரில் ஒரு பெரிய கண்காட்சி இருந்தது. அதற்குமுன் லைப்ரரி போய்ச் சேர வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுப் பின்புறம் அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அவன் வந்து கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஒரே ஒரு வரியாக்கும். இல்லைங்கிறத உண்டுண்ணு மாத்து."

"எண்ணாதே அது. நான் பாத்தேன்லா."

"சிப்பு செஞ்சவன் எண்ணும்ணு சொல்லுகான். அவனுக்க சிப்பு, அவனுக்க மேனுவல். நமக்கென்ன?"

"கேக்கவனுக்குப் பொய்யில்லா போவும்."

"நீ ஏன் இத இவ்வளவு பெருசாக்குத? ஏதாம் வந்தா நான் பாத்துக்கிடுகேன்."

அவள் மீனின் வயிற்றைக் கீறி, உள்ளிருந்ததை வழித்துப் பூனைக்குப் போட்டாள். அவன் லீடராக வந்து நிற்கிறானா, புருஷனாக வந்து நிற்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. லீடர் என்றால் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருப்பாள். கிணற்றடியில் கைலி கட்டி நிற்கிறவனிடம் அதைக் கேட்க முடியாது. திங்கட்கிழமை அந்த வரியை மாற்றினாள். மாற்றியது அவள் கைதான்.

கண்காட்சியில், வாங்க வந்த ஒரு கம்பெனியின் ஆட்கள் தங்கள் புரோகிராமைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எழுதுவது மட்டுமே வேலையாக உள்ள புரோகிராம். லைப்ரரியிடம் கேட்டார்கள், "உண்டு" என்றது. ஓட்டினார்கள், கவுண்டர் பூஜ்யத்தில் நின்றது. கூட்டத்தில் சிரித்திருக்கிறார்கள். சிப் செய்தவர்கள் சிப்பைப் பழிசொல்ல முடியாது. லைப்ரரி எழுதியது யார் என்று கேட்டார்கள். அதற்குத்தான் அந்த போன்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் எதிரெதிரே இடம் கிடைத்தது. பக்கத்தில் செக்ரட்டேரியட் ஆட்கள் நாலு பேர் மடியில் பெட்டியை வைத்து அதன்மேல் சீட்டு விளையாடினார்கள். நேமம் ஸ்டேஷன் தாண்டியது.

"நான் இல்லேண்ணு சொன்னிய" என்றாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நான் அங்கதான் இருந்தேன்."

"இருந்தா என்ன, அவன் பாக்கவா செய்தான்? ஜோஸ்னா, ஒரு ஆளக் காட்டலேண்ணா கான்ட்ராக்டே போவும். இத நம்பி எத்தன வீடு உண்டு. வேற ஒருத்தனுக்க பேரச் சொன்னா அவனுக்க வாழ்க்க போவாதா? நீயும் நானும் ஒரு வீடு. நமக்குத் தாங்கும்."

"எனக்க பேருண்ணா ஒண்ணும் போவாதோ?"

"அப்பிடிச் சொல்லல்ல."

"நீதானே மாத்தச் சொன்ன" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் சானு சட்டென்று சீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்ன விஷயத்தை யாராவது கேட்டார்களா என்று அவன் பார்க்கவில்லை. அந்த "நீ"யை யாராவது கேட்டார்களா என்றுதான் பார்த்தான். அது ஜோஸ்னாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் மாற்றச் சொன்னதும், இல்லை என்று சொன்னதும் ஒருவிதத்தில் அவளுக்குப் புரிந்திருந்தது. பயந்த மனிதன் செய்வதுதான். அந்தத் திரும்பிப் பார்த்தலை மட்டும் அவளால் எதிலும் சேர்க்க முடியவில்லை. பாலராமபுரத்தில் கூட்டம் ஏறியது. அவள் எழுந்து ஒரு கிழவிக்கு இடம் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

வீட்டில் அவன், ஜோஸ்னா வேலையை விட்டுவிட்டாள் என்று மட்டும் சொன்னான். சரோஜம் காரணம் கேட்கவில்லை. "நல்லதாச்சு மக்களே. ரெண்டு பேரும் வெளுக்கும்முன்ன ஓடி, இருட்டினப்பொறவு வந்து, இது ஒரு குடித்தனமா? இனியாவது ஒரு பிள்ள முகத்த எனக்குக் காட்டு" என்று சொல்லி அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தானே விளம்பினாள். தன்னால் முடிந்த அன்பையெல்லாம் அன்று தட்டில் வைத்தாள். அதைத்தான் ஜோஸ்னாவால் விழுங்க முடியவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் சானு ஒரு கம்ப்யூட்டரையும் ஜெர்மனி சிப் இருந்த போர்டையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். லைப்ரரியைத் திருத்தித் தரச் சொல்லி ஜெர்மனிக்காரன் கேட்கிறான். ஆபீசில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தும் அவளுடைய சோதனைப் புரோகிராம்களின் தலையும் வாலும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"நான்தான் அங்க இல்லையே" என்றாள்.

"வெளையாடாத. இது கழிஞ்சா கனகதாஸ் உன்னத் திரும்ப எடுப்பேண்ணு சொல்லியிருக்காரு. எனக்கு வாக்குத் தந்திருக்காரு."

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர் வந்தது. பக்கத்தில், கூடு இல்லாமல் ஒயர் தெரியக் கிடந்த போர்டைப் பார்த்துச் சரோஜத்துக்கு என்னவோபோல் இருந்தது, டி.வி.மேல் போடுகிற பின்னல் துணியை எடுத்து அதை மூடிவைத்தாள். சூடாகிவிடும் அம்மா என்று ஜோஸ்னா எடுத்துவிடுவாள். அவள் குளித்துவிட்டு வரும்போது மறுபடி மூடியிருக்கும். கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். சானு ரயிலுக்குப் போனபிறகு, பகலெல்லாம் ஜோஸ்னா அதன்முன் உட்கார்ந்தாள். முதல் நாள் வெறுப்போடுதான் உட்கார்ந்தாள். உச்சிப்பொழுதுக்குள் வெறுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற சத்தம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கவுண்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டு, ஓட்டி, ஒத்துப்பார்த்தாள். அந்த ஒன்று மட்டும் அல்ல, அதேபோல மேனுவலில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இன்னும் சில இருந்தன. எதை எண்ணும், எதை விடும், எந்த நேரத்தில் நம்பக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினாள்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோதான் கவனித்தாள். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும். தன் பெயர் இருந்த இடத்திலெல்லாம் சானுவின் பெயர் இருந்தது. சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"இல்லாத ஆளுக்க பேர எப்பிடிப் போட?" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவளிடம் யோசனை கேட்பதுபோல் கேட்டான்.

அவள் மறுபடி கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். வேலை முடிந்தபோது, அந்த ஒரு திருத்தம் மட்டும் போதும், மற்றதையெல்லாம் எடுத்துவிடு, சும்மா கிடப்பதைக் கிளற வேண்டாம் என்றான் சானு. "எல்லாம் ஒக்க போவும்ணா கொண்டு போ. இல்லேண்ணா அப்பிடியே வச்சிட்டுப் போ" என்றாள். அவன் எல்லாவற்றையும் கொண்டுபோனான்.

ஜெர்மனியிலிருந்து வந்த பதில் கம்பெனியில் ஒருவரும் எதிர்பாராதது. தங்கள் சிப்பைப் பற்றித் தங்களுக்கே தெரியாததை இவ்வளவு ஒளிவில்லாமல் எழுதித்தந்த ஆளை அங்கே வரச்சொல்லி, அடுத்த சிப்பின் வேலையில் வைத்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தார்கள். சானுவுக்கு மியூனிக் நகரத்தில் வேலை. கனகதாஸ் ஆபீசில் லட்டு கொடுத்தார். வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது.

"அங்க போய் நான் ஒக்க சொல்லுகேன் அவியகிட்ட" என்றான் சானு, அன்றைக்கு. "நேர்ல சொன்னா அது வேற. கொஞ்சம் காலூணட்டு." அவன் அதை நம்பித்தான் சொன்னான். சொல்லும்போது அவள் கையைப் பிடித்திருந்தான்.

அவன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை வைத்தார்கள். போதகர் சானுவையும் ஜோஸ்னாவையும் முன்னால் அழைத்து நிறுத்தினார். நம்முடைய சபையின் மகனை ஆண்டவர் கடல் தாண்டி உயர்த்தியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். "குடும்பத்துக்காகத் தன் வேலையையே மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்த எங்கள் சகோதரி ஜோஸ்னாவுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம்" என்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஆமென் பலமாக வந்தது. ஜோஸ்னா கண்ணைத் திறந்தாள். எல்லோரும் தலைகுனிந்திருந்தார்கள். அத்தனை உச்சந்தலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பெருங்கடவிளையிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா.

ஈசாக் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. சானு விமானமேறிய மறுவாரம், ஏத்தன் வாழைக்குலை ஒன்றைத் தோளில் வைத்துப் பஸ்ஸில் வந்து இறங்கினார். குலையை அடுக்களை மூலையில் இறக்கிவைத்துவிட்டு, சரோஜம் சாயா போட உள்ளே போன நேரம் பார்த்து, மகளிடம் கேட்டார்.

"நீயா வேலய விட்டியா, அவிய உன்ன விட்டினுமா?"

அவள் குலையிலிருந்து வடிந்த பாலைத் துணியால் துடைத்தாள். மகளை இன்ஜினியராக்கியதைப் பற்றி அவரைப்போலப் பெருமை பேசியவர் பெருங்கடவிளைச் சந்தையில் வேறு யாரும் இல்லை. அவள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பெயரும் அவருக்கு மனப்பாடம்.

"நானாத்தான் அப்பா."

"அப்பம் செரி" என்றார். பிறகு சாயாவைக் குடிக்காமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழும்பினார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரோட்டுவரை அவள் கூடப்போனாள். பஸ் வரும்வரை இருவரும் எதிர்வீட்டு வளவில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கனகதாஸிடமிருந்து எதுவும் வரவில்லை. போன் செய்தபோது, ஜெர்மனிக்காரர்களின் விசிட் தள்ளிப் போயிருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை செய்தபோது மீட்டிங்கில் இருப்பதாக வேறொருவர் சொன்னார். டெக்னோபார்க்கிலேயே வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து ஜோஸ்னா அப்ளை செய்தாள். சரோஜத்திடம், டவுனில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பழைய ரயிலில், பழைய நேரத்தில் போனாள்.

பேட்டி கண்டவள் ஆதிரா என்ற பெண். ஜோஸ்னாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கேள்விகள் நல்ல கேள்விகள். ஒருமணி நேரம்போல் இருவரும் ஒரே தாளில் மாறி மாறிப் படம் போட்டுப் பேசினார்கள். அந்த நேரம் முழுக்க ஜோஸ்னா எல்லாவற்றையும் மறந்திருந்தாள். பிறகு ஆதிரா பேனாவை மூடினாள். மலையாளத்தில், மிகவும் மரியாதையாகவே சொன்னாள்.

"உங்கள் பழைய கம்பெனியில் விசாரித்தோம். தவறான தகவல் எழுதியதற்காக உங்களை நீக்கியதாகச் சொன்னார்கள். உண்மையா?"

வெளியே புல்தரையில் தண்ணீர் தெளிக்கிற குழாய் சுற்றிச்சுற்றி வந்தது. ஜோஸ்னாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவள் சொல்லத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லாததை, சானுவின் பெயரோடு, கிணற்றடியோடு, போன் அறையோடு, வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, இது எந்த வழியாகவாவது மியூனிக்வரை போகும் என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று இருந்தது. ஆதிரா ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. முகத்தைப் பார்த்தால் நம்புகிறாள் என்றே பட்டது.

"நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்" என்றாள் கடைசியில். "ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கவுண்டர் எண்ணாது என்று உங்களுக்குத் தெரியும். சந்தேகம்கூட இல்லை. அப்படியிருந்தும் 'உண்டு' என்று மாற்றி எழுதியது நீங்கள்தானே?"

ஜோஸ்னா தாளில் தான் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு இங்கே நான் சொன்னாலும் மாற்றுவீர்கள்" என்றாள் ஆதிரா. அதில் ஏளனம் இல்லை. துக்கம்கூட இருந்ததுபோல் பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும்போது ரயிலுக்கு நிற்கப் பிடிக்காமல் பஸ்ஸில் வந்தாள். நெய்யாற்றின்கரையில் பஸ் வெகுநேரம் நின்றது. சித்திரை வெயில். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் சரோஜமும் பக்கத்து வீட்டுக் குமாரியும் நின்றிருந்தார்கள். சரோஜத்தின் முகம் மலர்ந்திருந்தது. கையில் துணி எதுவும் இல்லாமல் மருமகள் வந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"சானு போன்ல விளிச்சான் மக்களே. உனக்க விசா செரியாயிட்டுதாம். அடுத்த மாசம் போவலாமாம்."

"வேல செய்ய முடியுமாம்மா அங்க?" என்று கேட்டாள் ஜோஸ்னா, பதில் தெரிந்தே. இந்த விசாவில் முடியாது என்று சானு ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"வேலையா? நீ என்னத்துக்குக் கெடந்து வேல செய்யணும்? அவன் இருக்கானில்லா. இஞ்ச வா, இதப் பாரு."

கயிற்றுக் கொடியிலிருந்து சரோஜம் எதையோ எடுத்தாள். கம்பளி ஸ்வெட்டர். அடர்ந்த காப்பி நிறம், கழுத்துவரை ஏறி மூடுகிற மாதிரி. குமாரியின் தம்பி வடக்கே பட்டாளத்தில் இருந்தான். அவனிடம் சொல்லி வரவழைத்திருக்கிறாள். பாச்சா உருண்டை வாடை போக வெயிலில் போட்டிருந்ததால் தொட்டபோது சுட்டது.

"அங்க ஐஸாக்கும் பெய்யும்ணு சொல்லுகான். போட்டுப் பாரு மக்களே. அளவு செரியில்லேண்ணா இப்பமே சொல்லணும்."

ஜோஸ்னா கைப்பையைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, சுடிதாருக்குமேல் அதைத் தலைவழியாக மாட்டினாள். ஒரு நிமிடம் உள்ளே இருட்டாக, மூச்சுக்கு இடமில்லாமல் இருந்தது. பிறகு தலை வெளியே வந்தது. சரோஜம் அவள் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கழுத்தை இழுத்துவிட்டாள். குமாரி கிட்டே வந்து கம்பளியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "கொள்ளாம், நல்ல கனம்" என்றாள்.

"கையி ரெண்டும் நீளம்" என்றாள் சரோஜம். "கைய நீட்டு. ஆ, அப்பிடி. அசையாத, நான் குண்டூசி எடுத்திட்டு வாறேன்."

சரோஜம் உள்ளே போனாள். குமாரி நிழலுக்கு ஒதுங்கினாள். முற்றத்தின் நடுவில், சுடுவெயிலில், ஜோஸ்னா இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். காதோரம் வழிந்த வியர்வை கம்பளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அலமாரி இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் உள்ளிருந்து கேட்டது. குண்டூசி அகப்படவில்லை போலிருக்கிறது. இன்னொரு இழுப்பறை திறந்தது. அவள் கைகளைத் தாழ்த்தவில்லை.